இடது காலுக்கு வேலை இல்லாத வண்டி

எந்த டிராக்டர் வாங்கலாம் என்று ஆபிரகாமிடம் போய்க் கேட்டதே தப்பு. கேட்டவர் ஸ்ரீதேவி மேடம். கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில் கடலை ஒட்டியிருக்கும் ரிசார்ட்டுக்கு மேனேஜர். கோயம்புத்தூர்ப் பக்கம். ஓட்டுகிற ஆளைக் கேட்காமல் வண்டி வாங்கக் கூடாது என்று நினைக்கிற நல்ல மனுஷி. ஓட்டுகிற ஆளுக்கு இடது கால் மரத்துப்போய் ஏழு மாதம் ஆகிறது என்று அவருக்கு யார் சொல்வது? ஆபிரகாம் சொல்லவில்லை. ரிசார்ட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

கால் இருக்கிறது, நடக்கிறது, வீக்கம்கூட இல்லை. ஆனால் கணுக்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்ணை மூடச் சொல்லிவிட்டு, "குத்தும்போது சொல்லுங்க" என்றார். ஆபிரகாம் காத்துக்கொண்டே இருந்தார். கண்ணைத் திறந்தால் பாதத்தில் நாலு இடத்தில் ரத்தப்பொட்டு. சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது, இனி வண்டி ஓட்டாதீர்கள் என்றார் டாக்டரம்மா. சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மகள் ஜெனிட்டாவிடம், "சக்கரை கொஞ்சம் ஏறிகீதாம்மா, வேற ஒண்ணியும் இல்ல" என்று மட்டும் சொன்னார்.

வண்டி ஓட்டாமல் அவர் யார்? ஐம்பத்து மூன்று வயது. திருப்போரூர்ப் பக்கத்துக் காலனியில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நட்டும் அறுத்தும் காலம் தள்ளினார்கள். பத்தொன்பது வயதில் நிலக்காரர் வீட்டு டிராக்டர் டிரைவர் ஓடிப்போக, வேறு ஆள் கிடைக்காத அவசரத்தில் இவரை ஏற்றி உட்கார வைத்தார்கள். அந்தத் தெருவிலிருந்து ஸ்டீயரிங்கைப் பிடித்த முதல் ஆள் இவர்தான். பிறகு நிலமெல்லாம் பிளாட்டாகப் போனபோது, பெற்றவர்கள் நாற்று நட்ட அதே வயலை நிரவிக் கொடுத்ததும் இவர்தான். வருத்தமாக இல்லையா என்று யாரோ கேட்டதற்கு, "எங்க நெலமா, வருத்தப்பட?" என்று சிரித்தார். அப்புறம் இந்த ரிசார்ட். காலையில் அலை கொண்டுவந்து போட்ட பாசியையும் பிளாஸ்டிக்கையும் மணலிலிருந்து வாரி டிரெய்லரில் இழுக்க வேண்டும், புல்வெளியை வெட்ட வேண்டும். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

போன வருஷம் தவக்காலத்தில் அவர் மனைவி மார்கரெட் இறந்துபோனார். ஆபிரகாம் அழவில்லை. சரியான கல்லுளிமங்கன் என்று உறவுக்காரர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். நாலாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். அழ வேண்டும் என்று அவருக்கும் ஆசைதான், வரவில்லை. சோறு தின்றார், தூங்கினார், வண்டி ஓட்டினார்.

டிராக்டரில் எப்போதும் வெறுங்காலோடுதான் ஏறுவார். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, எந்த இடத்தில் விடுகிறது என்று உள்ளங்காலுக்குத் தெரியும். அந்தக் கால் போனபின், குனிந்து பார்த்துப் பார்த்து மிதித்தார். பார்த்து மிதித்ததில் பாதி மிதி, முக்கால் மிதி என்று கிளட்ச் தேய்ந்தது. போன மாதம் பிளேட் கருகி வண்டி நின்றது. பழைய வண்டிதானே, உழைத்தது போதும் என்றார்கள். யாரால் கருகியது என்று அவருக்கு மட்டும் தெரியும்.

புது வண்டிக்காக அன்றைக்கு ஷோரூமிலிருந்து கார்த்தி என்கிற பையன் லாரியில் இரண்டு குட்டி டிராக்டர்களைக் கொண்டுவந்து இறக்கினான். ஒன்று கியர் வண்டி, இன்னொன்று ஹைட்ரோ.

"இதுல கியர் மாத்தவே வேணாண்ணா. ஆயில் பிரஷர்லதான் சக்கரம் சுத்துது. வலது காலுக்கு ரெண்டு பெடல். இத மிதிச்சா முன்னால போவும், அத மிதிச்சா பின்னால போவும், கால எடுத்தா நின்னுடும். லெஃப்ட் காலுக்கு வேலையே இல்ல."

லெஃப்ட் காலுக்கு வேலையே இல்லை. ஆபிரகாம் அதை மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு ஏறினார். மிதித்தார். வண்டி அவர் நினைத்ததற்கு மேல் ஒரு முழம் தள்ளிப் போய் நின்றது. மறுபடி மிதித்தார். மறுபடியும் ஒரு முழம். குனிந்து வலது காலைப் பார்த்தார். பெருவிரலும் பக்கத்து விரலும் பெடலை அழுத்திக்கொண்டிருந்தன. அழுத்துவது அவருக்குத் தெரியவில்லை. சரி, இதுவும் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அவ்வளவுதான் நினைத்தார்.

கீழே நின்ற தோட்டக்காரி சங்கரியைப் பார்த்து ஸ்ரீதேவி மேடம், "நீயும் ஏறிப் பாரேன்" என்றார். சங்கரி ஸ்கூட்டி ஓட்டுகிறவள். புடவைக்கு மேல் போட்ட பச்சைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினாள். அஞ்சே நிமிஷம். புல்வெளியைச் சுற்றிவந்து, நட்டுவைத்த செம்பருத்திச் செடிக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினாள்.

"இன்னாண்ணாத்த இது, ஸ்கூட்டியவிட ஈஸியா கீது!"

மேடம் கைதட்டினார். ஆபிரகாமும் சிரித்தார். ஹைட்ரோ வந்தால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், தான் எதற்கு என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கியர் வண்டி வந்தால் தன்னைத் தவிர ஆள் இல்லை.

அதனால் பேசினார். சாதாரணமாக வாயைத் திறக்காத மனுஷன், அன்றைக்குக் கால் மணி நேரம் பேசினார்.

"ஹைட்ரோ தரையில நல்லா ஓடும் மேடம், இல்லன்னு சொல்லல. ஆனா மணல்ல லோடு இழுக்கறப்போ ஆயிலு சூடாவும். டீசலும் கூட குடிக்கும். ரிப்பேர்னா கம்பெனிலருந்துதான் ஆளு வரணும், அதுவரிக்கும் குப்பைய யாரு வார்றது? கியர் வண்டின்னா திருப்போரூர்ல நமக்குத் தெரிஞ்ச மெக்கானிக் கீறான், மத்தியானத்துக்குள்ள வந்து முடிச்சுக் குடுத்துட்டுப் பூடுவான்."

ஒரு வார்த்தை பொய் இல்லை. கார்த்தியே தலையாட்டினான். மேடத்துக்குத் திருப்தி. "அப்ப கியரே எடுத்துக்கலாம். டிரெய்லரை மாட்டி மணல்ல ஒரு ரவுண்டு இழுத்துக் காட்டுங்க, வீடியோ எடுத்து ஹெட் ஆபீஸுக்கு அனுப்பிடறேன்."

டிரெய்லர் மாட்டுவது இரண்டு ஆள் வேலை. டிராக்டரை ரிவர்ஸில் கொண்டுவர வேண்டும். டிரெய்லரின் முன்கம்பியில் இருக்கும் வளையம் டிராக்டரின் கொக்கிக்குள் நுழைகிற நேரத்தில், நடுவில் நிற்கிற ஆள் ஒரு கையால் வளையத்தைத் தூக்கி, மறு கையால் இரும்புப் பின்னைப் போட வேண்டும். நடுவில் நிற்பது ஒன்பது வருஷமாகச் சங்கரிதான். விரற்கடை அளவு தப்பினால் அவள் கை போகும். அதற்கு மேல் தப்பினால் இடுப்பு போகும். கால் மரத்த நாளிலிருந்து ஆபிரகாம் டிரெய்லரைக் கழற்றவே விடவில்லை. பின் துருப்பிடித்துவிட்டது, கழற்றினால் மாட்ட வராது என்று சாக்குச் சொல்லி, புல் வெட்டும் வேலையைக்கூடச் சின்ன மெஷினுக்குத் தள்ளிவிட்டிருந்தார்.

சங்கரி போய் நடுவில் நின்றாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே போய் நின்றாள்.

"வா… வா… வாண்ணாத்த… வந்துகினே இரு…"

கியர் வண்டியில் உட்கார்ந்திருந்த ஆபிரகாம் திரும்பி அவளைப் பார்த்தார். பார்த்தால் கால் தெரியவில்லை. குனிந்து காலைப் பார்த்தார். அவள் தெரியவில்லை. மறுபடி அவளைப் பார்த்தார். வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னைத் தயாராக வைத்துக்கொண்டு, கொக்கியை மட்டும் பார்த்து நின்றாள். இவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே கிடையாது.

சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார்.

"இன்னாச்சு, வா" என்றாள்.

இறங்கி மேடத்திடம் வந்தார். "ஹைட்ரோவே வாங்கிக்குங்க மேடம்."

"இப்பதானே வேண்டான்னு சொன்னீங்க?"

"சொன்னதெல்லாம் நெசந்தான். ஆனா எனுக்கு எடது கால்ல ஒண்ணும் தெரியறதில்ல மேடம். ஏழு மாசமா."

கார்த்தி உதவி செய்வதாக நினைத்துக் குறுக்கே வந்தான். "அதுக்குத்தாண்ணா ஹைட்ரோ. லெஃப்ட் காலே வேணாம், நீங்களே ஓட்டலாம்."

மேடத்தின் முகம்கூடத் தெளிந்தது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும். ஆபிரகாம் தம் வலது காலைப் பார்த்தார்.

"இதுவும் போவுதுங்க" என்றார்.

ஹைட்ரோ வந்தது. டிரைவரின் நீலச் சட்டை சங்கரிக்குப் போனது, எல்.எல்.ஆர். போட்டிருக்கிறாள். ஆபிரகாமை மேடம் அனுப்பவில்லை, தோட்ட வேலையின் பச்சைச் சட்டை கொடுத்தார். வாங்கிப் போட்டுக்கொண்டார். வருத்தம் என்று சொல்லும்படி ஒன்றும் வரவில்லை.

முதல் நாள் காலை டிரெய்லர் மாட்ட வேண்டியிருந்தது. ஆபிரகாம் நடுவில் போய் நின்றார். வளையத்தைத் தூக்கினார், பின்னைப் பிடித்தார். சங்கரி ஓட்ட, டிராக்டர் பின்னால் வந்தது. இரண்டு பெரிய சக்கரம், நடுவில் இரும்பு, அந்தப் பக்கம் டிரெய்லர், இந்தப் பக்கம் டிராக்டர், ஒதுங்க இடம் இல்லை. ஓடிவிடலாம் போல இருந்தது.

"ஓல்டான், நிறுத்து" என்று கத்தினார். அவள் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தாள்.

பின்னைப் போடக் கை வரவில்லை. சங்கரி சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாண்ணாத்த?"

"இங்க நின்னா இப்டியா கீது?"

"ஆமா."

"ஒம்பது வருசமா?"

"தெனிக்கும்தான்."

"ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம் இல்லம்மா?"

"சொன்னா உனுக்கு மிதிக்கறப்போ காலு நடுங்கும். அப்பறம் நான் எங்க நிக்கறது?" என்றாள். "பின்னப் போடுண்ணாத்த, வெயிலு வந்துகினு கீது."

ஆபிரகாம் பின்னைப் போட்டார். போட்டுவிட்டு டிரெய்லரைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தவருக்கு, அங்கேதான் அழுகை வந்தது. சங்கரி வண்டியை எடுக்காமல் காத்திருந்தாள்.