புளிக்காத அப்பம்

என் அக்கா புருஷன் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவர். எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையில் ஈஸ்ட் வாசனை போகாது. அக்கா போகும் சபையோ பஸ்கா பண்டிகையை விடாப்பிடியாகக் கொண்டாடுகிற சபை. அந்தப் பண்டிகைக்குப் பலியான ஆட்டுக்குட்டி இயேசுதான், கடைசி இராப்போஜனத்தையும் அந்தப் பண்டிகையில்தான் சாப்பிட்டார், யூதர்களுடையது என்று நாம் எப்படி ஒதுக்கலாம் என்பார் அவர்கள் போதகர். நானோ ஞாயிற்றுக்கிழமைக் கோவிலுக்குப் போய் ஈஸ்டர் கொண்டாடுகிறவள்.

பண்டிகையின் ஏழு நாளும் வீட்டில் ரொட்டித் துணுக்குகூட இருக்கக் கூடாது. ஈஸ்ட் போட்டுப் புளித்த மாவு பாவத்துக்கு அடையாளம். அக்கா அலமாரியைத் துடைத்து, அத்தானின் சட்டைப் பையையும் உதறுவாள். எங்கள் ஈஸ்டருக்காகக் கடையில் பன் ஆர்டர் குவிவதும் அதே வாரம்தான். ஒரே ஆண்டவரின் பேரில், பாவம், இந்த மனுஷனுக்கு இரண்டு பக்கமும் இடி.

"ஈஸ்ட்ல புரண்டுட்டு வர்றவரை எப்படிப் பஸ்கா பந்தியில உட்கார வைக்கிறது?" என்று சபையில் முணுமுணுத்தார்கள். அக்கா மல்லுக்கு நின்றாள். பந்தி அப்பத்தை அவரே புளிக்காமல் சுட்டுத் தருவார், நான் பொறுப்பு என்றாள்.

போன வருஷம் அத்தான் கடை மேசையைச் சுரண்டிக் கழுவி, வெறும் மாவும் தண்ணீரும் பிசைந்தார். அடுப்பில் பன் கருகுகிறதென்று முதலாளி கத்தினார். இவர் பழக்க தோஷத்தில், தினமும் போடுகிற ஈரத்துணியால் மாவை மூடிவிட்டு ஓடினார். ஈஸ்ட் ஊறிய துணி. வேலை முடிந்து வந்து பார்த்தால் மாவு உப்பியிருந்தது. மறுபடி பிசைய நேரமில்லை. மனதைக் கல்லாக்கிக்கொண்டு சுட்டுவிட்டார்.

மாலையில் பந்திக்கு முன், சபை வழக்கப்படி ஒருவர் பாதத்தை ஒருவர் கழுவி முடித்ததும் போதகர் அப்பத்தை எடுத்தார். ஒடிய வேண்டிய அப்பம் பஞ்சாய்ப் பிய்ந்தது. ஏனென்று தெரிந்தவர் அங்கே அத்தான் ஒருவர்தான். சொன்னால் அக்கா தலைகுனிய வேண்டும். சொல்லாவிட்டால் அத்தனை பேரும் தின்பது புளித்தது. வாயில் துண்டோடு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.

"அப்பம் இவ்வளவு மெத்துன்னு எந்த வருஷமும் வந்ததில்ல," என்றார் போதகர். "கைவாகுன்னா இதுதான். இனிமே வருஷா வருஷம் நீங்கதான் சுடணும்." அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

இந்த வருஷம் பண்டிகைக்கு நாலு நாள் முன்னால் அத்தான் என்னிடம் வந்து எல்லாவற்றையும் கொட்டினார்.

"ஒழுங்கா சுட்டா ஒடியும்மா. அப்போ போன வருஷம் மட்டும் எப்படி மெத்துன்னு இருந்துச்சுன்னு கேப்பாங்க."

"கேட்டா உண்மையைச் சொல்லிடுங்க அத்தான். கொன்னா போடுவாங்க?"

"என்னை விடு. உங்க அக்காவை என்ன பாடு படுத்துவாங்க?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

பண்டிகையன்று காலை நடந்ததையும் பிறகு என்னிடம் மட்டும்தான் சொன்னார். புதுப் பாத்திரம், புதுத் துணி, சுத்தமான மாவு. கதவைச் சாத்திவிட்டு, அதில் தன் கையாலேயே ஒரு சிட்டிகை ஈஸ்ட்டைப் போட்டுப் பிசைந்தாராம்.