டீசலில் தண்ணீர் கலந்த அன்று

இதை வாசிக்கிற உங்கள் எல்லாருடைய வீட்டிலும் ஆண்டவருடைய சமாதானம் இருக்கட்டும். என் பெயர் ஜெபா. சங்கரன்கோவிலில் பிறந்து, தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் வாழ்க்கைப்பட்டவள். போன ஜூன் மாதம், நிறைமாதமாக அம்மா வீட்டில் இருந்தபோது, என் கணவர் இனிமேல் திரும்பி வரமாட்டார் என்றே நான் நினைத்துவிட்டேன். அன்று ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள்.

முதலில் எங்கள் வீட்டுச் சண்டையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா இல்லாத வீட்டில் என்னை வளர்த்து ஆளாக்கியவர் என் அண்ணன் தங்கராஜ். டிராக்டர், அறுவடை இயந்திரம் எல்லாம் பழுது பார்க்கிறவர். வீட்டுக்கு முன்னாலேயே பட்டறை. இளையரசனேந்தலில் இருந்துகூட அவரைத் தேடி வண்டி வரும். நானும் என் கணவர் அந்தோணியும் கல்யாணத்துக்கு முன்பே விரும்பினோம். கடலுக்குப் போகிறவனுக்குத் தங்கச்சியைக் கொடுக்க மாட்டேன் என்று அண்ணன் ஒரே பிடியாக நின்றார். கல்யாணத்துக்கு வந்தார். சாப்பிடாமல் போய்விட்டார். அந்தோணிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

ஆனால் இவர்கள் பேசாமல் இருந்த அழகைச் சொல்ல வேண்டும். நாங்கள் அம்மா வீட்டுக்கு வரும்போது ஒரே அறையில்தான் இருப்பார்கள். “மோர் வேணுமான்னு கேளு” என்பார் அண்ணன் என்னிடம். “வேண்டாம்னு சொல்லு” என்பார் இவர், அதுவும் என்னிடம். இரண்டு பேருக்கும் காது நன்றாகத்தான் கேட்கும். நான் நடுவில் நின்று, கேட்டதையே திருப்பிச் சொல்ல வேண்டும். வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, படுக்கப் போகும்போது அழுகைதான் வரும். இவர்களைப் பேச வையும் ஆண்டவரே என்று நான் ஜெபிக்காத நாள் கிடையாது. ஒன்றும் நடக்கவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன முதல் வாரம். அன்று மத்தியானம் அந்தோணி போன் செய்தார். பேச்சில் காற்றுச் சத்தம்தான் அதிகம். படகில் இன்ஜின் நின்றுவிட்டது. டீசலை வடிகட்டுகிற பில்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினால் கொஞ்ச நேரம் ஓடுகிறது, மறுபடியும் விக்கி விக்கி நிற்கிறது. நங்கூரக் கயிறும் அறுந்துவிட்டது. கரையில் இருந்து அடிக்கிற காற்று படகைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போகிறது. அலை பக்கவாட்டில் ஏறி உள்ளே தண்ணீர் விழுகிறது. அதை இறைக்கிற பம்பும் இன்ஜின் ஓடினால்தான் ஓடும். படகில் அவரோடு இன்னும் மூன்று பேர். ஊருக்குச் சொல்லியாகிவிட்டது, ஆனால் அந்தக் காற்றில் வேறு படகு தேடி வர நேரமாகும். இவ்வளவையும் பதறாமல் சொன்னவர் கடைசியில் சொன்னார்:

“இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா டவர் கெடைக்காது. அதான், உன் சத்தத்தக் கேட்டுக்கிடுவோம்னு போட்டேன்.”

வயிற்றில் பிள்ளை புரண்டது. இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் வேண்டும் ஆண்டவரே, வேறு ஒன்றும் கேட்கமாட்டேன் என்று மட்டும் வாய் முனகியது. பேச வைக்கக் கேட்ட பழைய ஜெபம் எல்லாம் நினைப்பிலேயே இல்லை. போனை வைக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே பட்டறைக்குள் போய், ஸ்பீக்கரைப் போட்டு, அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினேன். விஷயத்தைச் சொன்னேன்.

அண்ணன் போனை வாங்கவில்லை. கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பில்டருக்கு அடியில் என்ன நிற்கிறது என்று கேள் என்றார். கேட்டேன். தண்ணீரும், கறுப்பாகக் கூழ் மாதிரி வழவழவென்று ஒன்றும் நிற்கிறது என்றார் இவர். தடைக்காலத்தில் டேங்கை நிரப்பி வைத்தார்களா, பாதியோடு விட்டார்களா என்று கேள் என்றார் அண்ணன். பாதியோடுதான் என்று பதில் வந்தது. அண்ணன் தலையை ஆட்டினார். அறுவடை முடிந்து பாதி டேங்கோடு நிறுத்திப் போடுகிற வண்டிகளில் அவர் இதை நிறையப் பார்த்திருக்கிறார். காலியாக இருக்கிற பாதியில் காற்று வேர்த்துத் தண்ணீராகி டீசலுக்கு அடியில் இறங்கிவிடும், அதில் பாசி பிடிக்கும். புது டீசலை மேலே ஊற்றி அலையில் குலுக்கினால் அத்தனையும் கிளம்பி வந்து அடைக்கும்.

சாவு பக்கத்தில் நிற்கிறது, அப்போதும் இவர்கள் என் வழியாகத்தான் பேசுகிறார்கள். நானும் பைத்தியக்காரி மாதிரி இங்கேயும் அங்கேயும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இடையில் போன் வேறு விட்டு விட்டுக் கேட்டது. அன்று காலையில் பிடித்த டீசல் தனியாக இரண்டு கேனில் இருக்கிறது என்று தெரிந்தது. உடனே அண்ணன் மளமளவென்று சொன்னார். நான் கேட்டதைச் சொன்னேன்: “டேங்க்க விட்டுருங்க. பில்டரக் கழுவிட்டு, டேங்க்ல இருந்து வார ட்யூபக் கழட்டி நேரா கேன்ல போடணுமாம்.”

அவ்வளவுதான் சொன்னேன். அண்ணன் இன்னொன்றும் சொல்லியிருந்தார். எனக்கு அது புரியவில்லை, விட்டுவிட்டேன்; காற்றுச் சத்தத்தில் இவருக்கும் அது கேட்டிருக்காது. இவர் “சரி” என்று சொல்லும் சத்தம் கேட்டது. அந்த நொடியில் அண்ணன் கிரீஸ் கையோடு போனை என்னிடம் இருந்து பிடுங்கினார்.

“மாப்ள, ஏ மாப்ள, ரிட்டன் ட்யூபும் கேனுக்குள்ளதான் கெடக்கணும். இல்லேன்னா இன்ஜின்ல மிஞ்சுற நல்ல டீசல் பூரா கெட்ட டேங்குக்கே திரும்பப் போயிரும். நீங்க நடுக்கடல்ல நிப்பீங்க. கேக்கா?”

அந்தப் பக்கம் காற்று மட்டும் இரைந்தது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“கேக்கு மச்சான்” என்றார் இவர். “போட்டுட்டேன். அடுத்து சொல்லுங்க.”

அதற்குப் பிறகு நான் அங்கே தேவைப்படவில்லை. அண்ணன் கேனை உயரத்தில் கட்டச் சொன்னார், பில்டர் மேலே உள்ள திருகை இளக்கிக் காற்றெல்லாம் வெளியேறும் வரை கைப்பம்பை அடிக்கச் சொன்னார். அம்மா வாசலில் முழங்காலில் நின்றுகொண்டிருந்தாள். நான் ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் போனுக்குள் இருந்து டபடபவென்று இன்ஜின் சத்தம் வந்தது. அண்ணன் அதையே கேட்டுக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன். மெதுவாகவே ஓட்டி வாங்க மாப்ள என்றார். பாதி வழியில் ஊர்ப்படகு எதிரே வந்துவிட்டது. நான்கு பேரும் பொழுது சாயும் முன்னே கரையேறினார்கள். ஆண்டவருக்கே ஸ்தோத்திரம்.

மறுநாள் அண்ணன் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடற்கரை ஊருக்கு பஸ் ஏறினார். இரண்டு பேருமாக டேங்கில் இருந்த அத்தனையையும் இறக்கி, உள்ளே கைவிட்டு வழித்துத் துடைத்து, டீசலில் இருந்து தண்ணீரைப் பிரித்து நிறுத்துகிற ஒரு பில்டரையும் புதிதாகப் பொருத்தினார்கள். வேலை முடிந்து சங்கரன்கோவிலுக்குச் சேர்ந்தே வந்தார்கள். அந்த வாரமே எனக்கு மகள் பிறந்தாள். இப்போது தினமும் சாயங்காலம் இவருக்கும் அண்ணனுக்கும் போன் பேச்சுதான். இன்ஜின் நலம், காற்று நலம், டீசல் நலம் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில்தான் ஜெபா எப்படி இருக்கா என்று அண்ணன் கேட்பார். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

பிள்ளைகளே, பெரியவர்களே, உங்கள் வீட்டிலும் முகம் திருப்பிக்கொண்டு இருக்கிறவர்கள் இருக்கலாம். வருஷக்கணக்காகக் கேட்டும் கிடைக்காத ஒன்று உங்களுக்கும் இருக்கலாம். சோர்ந்துபோகாதீர்கள். கிறிஸ்துமஸுக்குப் பேசுவார்கள், பிள்ளை பிறந்தால் பேசுவார்கள் என்று நான்தான் ஆண்டவருக்கு வழி சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்தேன். கெட்டுப்போன டீசல் எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். என் அண்ணன் “மாப்ள” என்று கூப்பிட்டபோது இன்ஜின் இன்னும் ஓடவில்லை. படகு கிழக்கேதான் போய்க்கொண்டிருந்தது, தண்ணீர் உள்ளே விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அந்த ஒரு சொல்லிலேயே என் நடுக்கம் நின்றுவிட்டது. இத்தனை நாளும் என் ஜெபத்தை ஆண்டவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டது. நீங்களும் நம்பிக் கேளுங்கள்.