கொக்கியில் தொங்கிய ஹெல்மெட்டுகள்

போன வருடம் கத்திரி வெயில் நேரம். எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. என் அண்ணன் அதே இடத்தில் காண்ட்ராக்டில் லோடு ஏற்றுபவன். சின்ன வயதிலேயே அவன் மூட்டை தூக்கப் போனதால்தான் எங்கள் வீட்டில் நான் ஒருவனாவது காலேஜ் வரை போக முடிந்தது.

எங்கள் கம்பெனியில் ஹெல்மெட் இல்லாமல் வந்தால் பைக்கை உள்ளே விடமாட்டார்கள். அதற்கு நம் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். கேட்டுக்குச் சற்று முன்னால் ஓர் அக்காவின் டீக்கடை. கடை முன்னால் இரும்புக் கம்பியில் வரிசையாகக் கொக்கிகள். வெறுந்தலையோடு வருகிறவர்கள் அங்கே தொங்கும் அவரவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டுவார்கள். ஷிப்ட் முடிந்ததும் திரும்ப அதே கொக்கியில் மாட்டிவிட்டு, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ரோட்டில் காற்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

அண்ணனும் அப்படித்தான். அவன் ஹெல்மெட்டைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். மூன்றாவது படிக்கும் அவன் மகள், நோட்டுக்கு ஒட்டுகிற லேபிள் ஒன்றை அதன் பின்பக்கம் ஒட்டியிருந்தாள். 'பெயர்: அப்பா' என்று எழுதி, வகுப்பு, பிரிவு இரண்டையும் காலியாக விட்டிருந்தாள்.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "இந்த வேக்காட்டுல அத்த மாட்டிக்கினு போனா மண்ட வெந்து பூடும்டா. படிச்சவன் நீ மாட்டிக்கோ" என்பான். நானோ பஸ்ஸில் போகிறவன்.

ஒருநாள், முதல் ஷிப்ட் முடிந்து அண்ணன் கிளம்பிக் கொஞ்ச நேரம் இருக்கும். நான் டீ குடிக்க வந்தேன். தண்ணி லாரி டிரைவர் ஒருவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடி வந்தார்.

"யக்கா, மேம்பாலத்தாண்ட ஒர்த்தன் பைக்கோட உழுந்துட்டான். உங்க ஆளுங்க போடற நீல சட்ட. தலைல ஒண்ணியும் காணோம்."

கடையில் இருந்த எல்லோரும் கொக்கிகளைத்தான் திரும்பிப் பார்த்தோம். அங்கே தொங்கிய ஒவ்வொரு ஹெல்மெட்டும், வெறுந்தலையோடு ரோட்டில் போய்க்கொண்டிருந்த ஓர் ஆள். 'பெயர்: அப்பா' காற்றில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். அக்கா டீ ஆற்றுவதை விட்டுவிட்டு ஒவ்வொரு ஹெல்மெட்டாகத் தொட்டார். "இது வெல்டரு... யார்னா போன் போடுங்கப்பா. இது நம்ம கிரேன் ஓட்றவரு..." ஆளாளுக்குப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றோம். "எட்த்துட்டான், எட்த்துட்டான்!" என்று ஒருவர் கத்தினார். ஒவ்வொருவராகத் தப்பிக்கத் தப்பிக்க, விழுந்தது என் அண்ணன்தானோ என்பது நெருங்கி வந்துகொண்டே இருந்தது.

"ஏறு தம்பி, நான் அந்தாண்டதான் போறேன்" என்று டிரைவர் என்னை லாரியில் ஏற்றிக்கொண்டார். லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகும்போது போன் அடித்தது.

"இன்னாடா, இத்தினி தபா அட்ச்சினுகீற? பாப்பாவுக்கு நுங்கு வாங்கினு கீறேன்."

அதற்குமேல் அவன் பேசியது காதில் விழவில்லை. "எங்க அண்ணன் இல்லண்ணா, வேற யாரோ" என்று டிரைவரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன் என்று நினைக்கிறேன். அப்போதுதான் லாரி அந்த இடத்தைக் கடந்தது. ஆளை எடுத்துப் போயிருந்தார்கள். ரோட்டில் மண் போட்டு மூடியிருந்தது. ஓரத்தில் ஒரு டிபன் பாக்ஸ் மூடி கிடந்தது.

விழுந்தவர் பேக்கிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர். எந்த வண்டியும் மோதவில்லை, பள்ளத்தில் சக்கரம் இறங்கி விழுந்ததுதானாம். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் எல்லோரும் ஹெல்மெட்டோடுதான் வீட்டுக்குப் போனார்கள். ஷிப்ட் விட்ட பிறகு கொக்கிகள் காலியாகக் கிடந்தன, ஒன்றைத் தவிர. ஒருநாள் என் வயதுள்ள ஒருவன் பைக்கில் வந்து இறங்கினான். மொட்டை அடித்த தலை.

"யக்கா, எங்க அண்ணன் ஹெல்மெட்டு இங்க கீதுன்னாங்க."

அக்கா எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். அவன் அதைக் கையில் வைத்து உள்ளேயும் வெளியேயும் பார்த்தான். பிறகு தலையில் மாட்டினான். கொஞ்சம் பெரிதாக இருந்தது. பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டான். என் 'வேற யாரோ'வுக்கும் ஒரு தம்பி இருந்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதைப் படிப்பவர்கள், அதோடு எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்க்கலாம். இல்லை. முதலில் ஒரு ஹெல்மெட் கொக்கிக்குத் திரும்பியது, பிறகு இரண்டு, மழைக்காலம் வருவதற்குள் வரிசை நிறைந்துவிட்டது. அண்ணனுடையதும் சில நாள் தொங்குகிறது. கேட்டால், "இன்னிக்கு ரொம்ப அசதிடா, வுடு" என்கிறான். நாள் முழுக்க லோடு ஏற்றியவனிடம் அதற்குமேல் சண்டை போட எனக்கும் தெம்பில்லை. மறுநாள் திரும்பச் சொல்கிறேன்.

அவனுக்கு முதல் ஷிப்ட் இருக்கும் வாரங்களில், டீக்கடைக்குப் போனதும் என் கண் முதலில் கொக்கிகளைத்தான் பார்க்கிறது. 'பெயர்: அப்பா' அங்கே இல்லாத நாளில்தான் என்னால் டீயை உட்கார்ந்து குடிக்க முடிகிறது.