பாகூர் மோகினி

முழங்கால் சேற்றில் நின்று மடை திருப்பிக்கொண்டிருக்கிறாள் பவுனம்மாள். சென்னைப் படக் கம்பெனியின் கார் ஏரிக்கரையில் வந்து நிற்கிறது. இறங்கிய மானேஜர், "ஏம்மா, நடிகை மதனமாலா வீடு எது?" என்று அவளையே கேட்கிறார்.

"அதோ, அந்த ஓட்டு வூடு. அம்மா குளிக்கிறாங்க. போயி குந்துங்க."

ஒவ்வொரு முறையும் இப்படி மண்வெட்டியால் காட்டிவிட்டுக் கொல்லை வழியாக ஓடுவாள். குளித்து, பவுடர் பூசி, மதனமாலாவாக வந்து கைகூப்புவாள். புதிதாக வருகிற எந்த மானேஜரும் இதுவரை கண்டுபிடித்ததில்லை.

எந்தப் படமானாலும் அவளுக்கு ஒரே வேலைதான். அரசனை மயக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவள் புருஷனை. கடைசியில் பாம்பு கடித்துச் சாக வேண்டும். ஊர் திரும்பும்போது பிரெஞ்சு எல்லைச் சாவடியில் பெட்டியைச் சோதிக்கிறவர்கூட, "இந்தத் தபா யாரு குடியக் கெடுத்தீங்க?" என்று கேட்டுத்தான் விடுவார்.

போன வருஷம் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. "ஒரு படத்துலயாவது புள்ளயப் பறிகொடுத்த தாயா வர்றேங்க" என்று டைரக்டரிடம் மன்றாடி வாங்கினாள். வெள்ளைச் சேலை கட்டி, மூக்கைச் சிந்தி, மெய்யாகவே அழுதாள். படம் வந்தது. திரையில் அவள் தலை தெரிந்ததுமே விசில் பறந்தது. அவள் அழ அழச் சனங்கள் சிரித்தார்கள். கம்பெனிக்காரர்கள் அந்தக் காட்சியையே வெட்டிவிட்டார்கள்.

பாகூருக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். நடவுக்கு ஆள் போதவில்லை என்று பக்கத்து வீட்டுக் காசம்மாள் வந்து கூப்பிட்ட பிறகுதான் எழுந்தாள். குனிந்து நாற்று வைத்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிமிர்ந்து சிரித்தாள்.

"அழுவறதுக்கு ஊரெல்லாம் ஆளு கெடக்குதுடி, காசம்மா. ஒரு பார்வையில குடும்பத்த ரெண்டாக்குறவ நான் ஒருத்திதான! இந்தக் கழனியே அந்தப் பார்வ வாங்கிக் குடுத்ததுதான்."

போன வாரம் வில்லியனூர் கொட்டகையில் அவள் படம். முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்தாள். திரையில் மதனமாலா அடுத்தவள் புருஷனின் கையைப் பிடித்ததும், பக்கத்தில் இருந்த செல்லிப்பட்டுப் பெண் கொதித்துப் போனாள்.

"இன்னா திமிரு பாருக்கா! இவ நல்லா இருப்பாளா?"

"உருப்படவே மாட்டா" என்றாள் பவுனம்மாள், மனம் நிறைந்து.

"இந்தக் கொழந்தயக் கொஞ்சம் புடிக்கா. எழுந்து நின்னு நாலு வார்த்த கேட்டாத்தான் எனக்கு ஆறும்."

தூங்குகிற பிள்ளையை அவள் மடியில் போட்டுவிட்டு, அந்தப் பெண் திரையைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள்.

அடுத்தது மதனமாலா தலையைப் பின்னால் சாய்த்து, கொட்டகை அதிரச் சிரிக்கிற இடம். அந்தச் சிரிப்பு வருவதற்கு முன்பே பவுனம்மாள் பிள்ளையின் காதுகளை மெல்லப் பொத்திக்கொண்டாள்.