பின்னால் இருந்த இரண்டு ஸ்பீக்கர்கள்

முதலில் மன்னிப்பு. பத்தாம் வகுப்போடு நின்றவன், ஆம்ப்ளிஃபையர் பழுது பார்ப்பவன். வாராவாரம் இந்தப் பக்கத்தில் என்னைப் பொறுத்துக்கொள்வதே உங்கள் பெருந்தன்மை. அதிலும் இந்த வாரம் இங்கிலீஷ் ராக் கச்சேரி... அதில் ஒரு வரிகூட எனக்குப் புரியாது. ஆனால் வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் ஓடவில்லை.

எங்கள் ஊர் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் இருக்கும் ரீட்டா அக்கா, ஓய்வு பெற்ற நர்ஸ். போன மாதம் ஒரு ஸ்பூல் டேப்பும், ஒரு மரப் பெட்டியும் கொண்டுவந்தார். இரண்டும் அவருடைய அண்ணனுடையவை. வெளிநாட்டில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு கச்சேரிக்குப் போயிருக்கிறார். அதை ரேடியோ நேரடியாக ஒலிபரப்ப, அறை நண்பர் பதிவு செய்திருக்கிறார்.

சாதாரண ஒலிபரப்பு இல்லை. நாலு ஸ்பீக்கருக்கானது. முன்னால் இரண்டில் பாட்டு, பின்னால் இரண்டில் கூட்டம். நாலையும் மடித்து இரண்டு தடத்தில் அனுப்புவார்கள். வீட்டில் அந்த மரப் பெட்டி அதைத் திரும்பப் பிரிக்கும்.

அண்ணன் லீவில் வரும்போதெல்லாம் நாலு மூலையிலும் ஸ்பீக்கர் வைத்து, தங்கையை நடுவில் உட்கார வைப்பாராம். மூன்றாவது பாட்டு முடிந்ததும் முதுகுப் பக்கம் நீளமாக ஒரு விசில்.

“அது நான்தான்” என்பாராம்.

அண்ணன் இப்போது இல்லை. அவர் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை. அந்த விசில் ஒன்றுதான்.

பெட்டியைச் சரி செய்துவிட்டேன். டேப்தான் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நாமக்கல் கோழிப்பண்ணை ஒன்றில் கழித்த இன்குபேட்டர் என்னிடம் உண்டு. தெர்மோஸ்டாட்டை மாற்றிச் சூட்டைக் கூட்டியிருக்கிறேன். குஞ்சு பொரிக்கிற பெட்டியில் ராக் இசை! சிரிக்காதீர்கள். எட்டு மணி நேரம் இளஞ்சூட்டில் இருந்தால் ஒட்டிய டேப் ஓடும். சில டேப் ஒரே ஒரு முறைதான் ஓடும்.

ஓடியது. மிக்ஸர் வழியாகப் பதிவு செய்யத் தொடங்கினேன். இடது பக்கம் சத்தம் கம்மி.

உள்ளதை உள்ளபடி முதலில் பதிவு செய்ய வேண்டும், திருத்தமெல்லாம் அப்புறம் நகலில். எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் நான் இருபது வருடம் மைக் செட் கட்டியவன். மாரியம்மன் பண்டிகையில் ஒரு பக்கம் கம்மியானால் என்ன செய்வோம்? இரண்டு லைனையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவோம். எல்லா ஹாரனிலும் ஒரே சத்தம். அதே பழக்கத்தில் மிக்ஸரில் மோனோ பட்டனை அழுத்திவிட்டேன். யோசிக்கவே இல்லை.

பின்பக்க ஒலியை ஒரு தடத்தில் நேராகவும், மற்றதில் தலைகீழாகவும் வைத்திருப்பார்கள். இரண்டையும் சேர்த்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். பாட்டு இருக்கும். கூட்டம் இருக்காது.

எனக்கு உறைத்தபோது டேப் முடிந்திருந்தது. ஒலி பதிந்திருந்த பழுப்புப் பூச்சு முழுவதும் உதிர்ந்து மெஷினில் பொடியாகக் கிடந்தது. கையில் மிஞ்சியது கண்ணாடி மாதிரி வெறும் பிளாஸ்டிக் நாடா.

செவ்வாய்க்கிழமை அக்கா வந்தார். நாலு ஸ்பீக்கருக்கு நடுவில் நாற்காலி போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாவது பாட்டு முடிந்தது. நாலாவது தொடங்கியது. அக்கா கண்ணைத் திறந்து பின்னால் திரும்பிப் பார்த்தார்.

“தம்பி... ஜனங்க எங்க?”

“பொட்டில ஏதோ கோளாறுங்க்கா. வியாழக்கிழமை வாங்க, பாத்து வெக்கறேன்” என்றேன். பொய். எதிரே நின்று உண்மை பேச எனக்கு எப்போதுமே வாய் வராது.

புதன்கிழமை என் மனைவியிடம் சொன்னேன். எடப்பாடிக்காரி. எதையும் நீட்டி யோசிக்க மாட்டாள்.

“ஏனுங்க, நீங்களே ஒரு விசில் அடிச்சுச் சேத்துட்டாத் தீந்துது. அந்தக்காவுக்கு என்ன தெரியப்போவுது?”

“தப்பில்லையா?”

“அழிச்சது தப்பில்லீங்களா?”

அடித்தேன். இரண்டு விரலை வாயில் வைத்து, ஐந்தாறு முறை. ஒன்றை எடுத்து, தேய்ந்த டேப் மாதிரி மங்கலாக்கி, பின் ஸ்பீக்கரில் விட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது. அக்கா கேட்டால் அழுதுவிடுவார். இனி ஒவ்வொரு முறையும் என் விசிலுக்கு அழுவார்...

அழித்துவிட்டேன்.

இத்தனை வருடம் இரைச்சலை நீக்குவதுதான் என் தொழில் என்று பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறேன். அந்த இரைச்சலில் யார் யார் நின்றிருந்தார்களோ? இனி யாரைப் போய்க் கேட்பது?

மறுநாள் அக்கா வந்தார். நடந்ததைச் சொன்னேன். அந்த வெறும் நாடாவை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். பாட்டு வேண்டாம் என்றார்.