ஊருக்குச் சொன்ன நர்சம்மாவுக்கு நாள் தள்ளிய கதை

கிராம சுகாதாரச் செவிலியர் வேலையில் ஒரு வசதி உண்டு: ஊரில் யாருக்கு நாள் தள்ளிப்போனாலும் அவள் புருஷனுக்கு முன்னால் நமக்குத் தெரிந்துவிடும். நமக்கே தள்ளிப்போனால் யாரிடம் சொல்வது என்பதைத்தான் பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை.

மரக்காணம் உப்பளப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு, போன வருஷம் திண்டிவனம் பக்கம் மாற்றலாகி வந்தேன். இன்னும் காலையில் கண் விழித்தால் அந்த உப்புக் காற்றை மூக்கு தேடுகிறது. நாற்பத்தைந்தைத் தாண்டி, 'இனிமேல் நமக்கென்ன பயம்' என்று காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் சக அவஸ்தைக்காரிகளே, இது உங்களுக்காகத்தான்.

அளத்துச் சூடு

கஸ்தூரி உப்பளத்தில் கூடை சுமப்பவள். மூன்று பிள்ளைகள். என்னைவிட ஒரு வயது சின்னவள், அப்போது அவளுக்கு நாற்பத்தாறு. காலாவதியான காப்பர்-டியை எடுத்துவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு வருஷம் சும்மாவே இருந்தாள். சித்திரையில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. அளம் ஓடும் மாதங்களில் வெயிலும் உப்புச் சூடும் சேர்ந்து மாதவிலக்கை நிறுத்திவிடும், மழை விழுந்து அளம் மூடினால் தானே வந்துவிடும் என்பது அங்குள்ள பெண்களின் எழுதாத சட்டம்.

நான் விடவில்லை. பரிசோதனை செய்தேன். நல்லவேளை, ஒன்றுமில்லை. "இந்த வயசுல ரெண்டு மாசம் வராது, மூணாவது மாசம் வரும். ஆனா எந்த மாசம் கரு நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது" என்று விளக்கினேன். கஸ்தூரி விழுந்து விழுந்து சிரித்தாள். "சூட்டுல முட்டை அவிஞ்சிருக்கும்னு நான் நெனச்சேன் நர்சம்மா, நீங்க என்னடான்னா குஞ்சு பொரிக்கும்னு பயமுறுத்துறீங்க!"

மூட்டை தூக்குகிறவர்

நான்கு நாள் கழித்து அவள் வீட்டுக்காரர் ஏழுமலை வந்து நின்றார். பொண்டாட்டி சொன்னதைக் கேட்டு ஆடிப்போயிருந்தார். தினம் ஒரு மாத்திரை என்று டிவியில் சொல்கிறார்களே, அதைக் கொடுத்துவிடுங்கள் என்றார். கஸ்தூரிக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. இந்த வயதில், கொதிப்போடு, அந்த மாத்திரை ஆகாது என்றேன். அவள் திரும்பவும் காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம், அல்லது நீங்கள் ஆணுறை போடலாம். எல்லாவற்றையும்விடச் சுலபம், நீங்கள் ஒரு சின்ன ஆபரேஷன் செய்துகொள்வது, கத்திகூட வேண்டாம், அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன்.

ஆபரேஷன் என்றதுமே மனுஷன் செருப்பை மாட்டிக்கொண்டார். பலம் கொஞ்சமும் குறையாது என்று நான் சத்தியம் செய்யாத குறை. வாசலில் நின்றபடி சொன்னார்: "நான் மூட்டை தூக்கறவன் நர்சம்மா, எனக்கு பலம் போச்சுன்னா குடும்பம் போச்சு. அவ கூடைதானே தூக்கறா!"

இருமல்

கடைசியில் கஸ்தூரிதான் காப்பர்-டி போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பி வரும் வழியில் அவளிடம் என் வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன்: நாற்பதுக்கு மேல் போட்டது, முழுசாக நிற்கும்வரை போதும். நின்றுபோச்சு என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. ஐம்பதுக்கு முன்னால் நின்றால் முழுசாக இரண்டு வருஷம், ஐம்பதுக்குப் பிறகு என்றால் ஒரு வருஷம் வராமல் இருக்க வேண்டும். அதுவரை பாதுகாப்பு வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, நீங்க என்ன வெச்சிருக்கீங்க?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. எனக்கும் ஏழெட்டு மாதமாகத் தாறுமாறாகத்தான் வந்துகொண்டிருந்தது. இனி எதற்கு என்று ஆணுறையை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது. பதிலுக்கு இருமினேன். கஸ்தூரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பேச்ச மாத்தணும்னா நானும் இப்படித்தான் இருமுவேன் நர்சம்மா."

கூனிமேட்டு பாய்

ஐப்பசி மழையில் அளங்கள் மூடின. எல்லாருக்கும் வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை. நாற்பத்தைந்து நாள் தள்ளிவிட்டது. தையில் என் பெண்ணுக்குக் கல்யாணம், பத்திரிகை அடித்தாகிவிட்டது. பந்தலில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும் பெண்ணின் அம்மாவாக என்னை நினைத்துப் பார்த்தேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

என் நிலையத்திலேயே பரிசோதனை அட்டை உண்டு. ஆனால் பீரோவின் சாவி உதவியாளரிடம். மரக்காணத்தில் எல்லா மருந்துக் கடைக்காரருக்கும் என் முகம் தெரியும். பஸ் ஏறிக் கூனிமேடு போனேன். கடைக்கார பாய், "வாங்க சிஸ்டர்!" என்று எழுந்தே நின்றார். அவர் பேரனுக்கு நான்தான் தடுப்பூசி போட்டேனாம்! ஒரு பேஷண்டுக்கு அவசரமாக வேண்டும் என்று முனகினேன். அட்டையைப் பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டு, மனசாரச் சொன்னார்: "அந்தம்மாவுக்கு நல்ல சேதியா வரணும்னு துவா செய்யறேன் சிஸ்டர்."

நாற்காலி மாறிய நாள்

மறுநாள் காலை, யாரும் வருவதற்கு முன்னால் நிலையத்தைத் திறந்து, அட்டையில் சொட்டு விட்டு மேஜைமேல் வைத்தேன். கதவைத் தாழ்போட மறந்துவிட்டேன். கொதிப்பு மாத்திரை வாங்க வந்த கஸ்தூரி நேராக உள்ளே வந்துவிட்டாள். அட்டையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பேஷண்டுகள் உட்காரும் நாற்காலியில் என்னை உட்கார வைத்து, உப்பில் வெடித்த அந்தக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஐந்து நிமிஷம் நான் பயந்த மாதிரி வாழ்க்கையில் எப்போதும் பயந்ததில்லை.

ஒரு கோடுதான், கரு இல்லை. நான் அழுதுவிட்டேன். அவளைத்தான் இங்கே இன்றைக்கும் தேடுகிறேன். அப்படி ஒரு கை எனக்குத் திண்டிவனத்தில் கிடைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழப் போனேன். கஸ்தூரி தோளைப் பிடித்து அழுத்தினாள். கதவைச் சாத்திவிட்டு, என் நாற்காலியில் போய் உட்கார்ந்து, என் குரலிலேயே ஆரம்பித்தாள்: "நின்னுபோச்சுன்னு நாமளா முடிவு பண்ணக் கூடாது. முழுசா ரெண்டு வருஷம். இப்ப இருமாம சொல்லுங்க நர்சம்மா: கருத்தடை ஊசியா, காப்பர்-டியா, இல்ல உங்க வீட்டுக்காரரும் மூட்டை தூக்கறவரா?"

அடுத்த வாரமே நான்தான் காப்பர்-டி போட்டுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் ஆபீஸில் ஃபைல் தூக்குகிறவர், அவருக்கும் பலம் போய்விடுமாம்.