முதல் வரியில் நைனா பெயர்

கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்த மூன்றாவது மாதம் நான் சொந்தமாக ஒரு சார்ட் புரோகிராம் எழுதினேன். எண்களைக் கலைத்துப் போட்டுக் கொடுத்தால் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கித் தரும். அடுத்தடுத்த இரண்டு எண்களை ஒப்பிட்டு, முன்னால் நிற்பது பெரியதென்றால் இடம் மாற்ற வேண்டும். மாற்ற எதுவும் இல்லாத வரை திரும்பத் திரும்ப. திரையில் ஐந்து எண்கள் ஒழுங்காக வந்து நின்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல், தேரடியிலிருந்து டிரெய்லர் லாரிப் புழுதியைத் தின்றுகொண்டே நடந்து வந்து நைனாவிடம் பீற்றிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

நைனா எண்ணூர் போகும் வழியில் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் கான்ட்ராக்ட் ஆள். மணல் சலிக்கும் வேலை. கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் கேட் பாஸும் புதிதாகிவிடும். அதனால் யார் எந்த வருஷம் சேர்ந்தார் என்பதற்கு அவரவர் வாய்ச்சொல்தான் சாட்சி. அந்த வருஷம் பத்துப் பேரை பெர்மனண்ட் ஆக்க நிர்வாகம் ஒத்துக்கொண்டது. சீனியாரிட்டிப்படி பட்டியல் கொடுக்க வேண்டியது சங்கம்.

சங்கத்துக்காரர் டீக்கடையில் உட்கார்ந்து, வரவர ஒவ்வொருவர் பெயரையும் சேர்ந்த வருஷத்தையும் எழுதினார். எழுதிய நோட்டு என் பழைய பள்ளிக்கூட நோட்டு, கொண்டுபோனவர் நைனா. ஆகவே அவர் பெயர் முதல் வரியில். உலைப் பக்கம் டபுள் டூட்டி முடித்து வந்த பெரியப்பாவின் பெயர் கடைசியில், முப்பத்தோராவதாக. சொந்தப் பெரியப்பா இல்லை. ஆனால் அந்த முப்பத்தொரு பேரில் முதலில் சேர்ந்தவர். எட்டு வருஷம் கழித்து நைனாவைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனவரும் அவர்தான்.

"உன் பொண்ணு கம்ப்யூட்டர் பட்ச்சிகினு கீதுல்ல? அதாண்ட குட்து வரிசையா அட்ச்சி வாங்கியா. கையால எழ்தினா ஆளாளுக்கு சண்டைக்கு வருவானுங்கோ" என்றார் சங்கத்துக்காரர்.

என் புரோகிராமில் பெயர்களையும் சேர்த்தேன். பட்டியல் கொடுக்கக் கடைசி நாள் காலை, பிரிண்டர் அடித்த தாளை நைனாவிடம் நீட்டினேன். அவருக்கு இங்கிலீஷில் தன் பெயரும் எண்களும் தெரியும். படிக்கட்டில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"கரீட்டா கீதா நைனா?"

"மிசின் போட்டதுல இன்னாம்மா தப்பு வரப்போவுது" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நோட்டீஸ் போர்டில் வருஷம் போடாமல் பத்துப் பெயர்களை மட்டும் ஒட்டினார்கள். நைனா இருந்தார், பெரியப்பா இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா காசிமேட்டிலிருந்து வவ்வால் மீன் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "வயசாயிட்ச்சின்னு என்ன கயட்டி வுட்டானுங்கோ போல. வுட்றா, நீயாவது உள்ள பூந்துட்ட" என்று நைனாவின் முதுகில் தட்டினார். நைனா தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

அடுத்த மாதம் சென்டரில் மாணவர் பெயரையும் மார்க்கையும் பெரிய மார்க்கிலிருந்து வரிசைப்படுத்தும் பயிற்சி. என் புரோகிராம் ஃபெயிலானவனுக்கு முதல் ரேங்க் கொடுத்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் புரோகிராமை வரிவரியாகப் பார்த்தேன். நான் இடம் மாற்றியது எண்களை மட்டும். பெயர்கள் போட்ட இடத்திலேயே கிடந்தன. எங்கள் பட்டியலிலும் அதேதான். வருஷங்கள் நகர்ந்திருந்தன, பெயர்கள் டீக்கடை வரிசையிலேயே நின்றிருந்தன.

பெயரையும் கூடவே மாற்ற மூன்று வரி போதும். எழுதி, எங்கள் பட்டியலை மறுபடி ஓட்டினேன். பெரியப்பா முதலில் வந்தார். நைனா பதினாலாவது.

அந்தத் தாளோடு போய் நின்றபோது நைனா அதை வாங்கக்கூட இல்லை.

"அன்னிக்கே பாத்தேன் பாப்பா. எம் பேருக்கு நேரா அண்ணனோட வருசம் இருந்திச்சி."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா பீஸ் கட்ட முடியாம நீ இன்னிக்கி எதாவது எக்ஸ்போர்ட் கம்பெனில பட்டன் தெச்சிகினு இருப்ப."

அவர்மேல் வந்த ஆத்திரத்தில், சங்கத்துக்காரரிடம் கொடுத்தே தீருவது என்று அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டீக்கடை வரை போனேன். அவர் அங்கேதான் இருந்தார். திரும்பி வந்துவிட்டேன். அதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல காரணம் எதுவும் இல்லை.

அடுத்து வந்த கான்ட்ராக்டர் பெரியப்பாவுக்குப் பாஸ் தரவில்லை. நான் இரண்டாம் வருஷப் படிப்பில் சேர்ந்தேன். சங்கத்துக்காரன் காசு வாங்கிக்கொண்டு பட்டியலை மாற்றிவிட்டான் என்று யாராவது சொன்னால் பெரியப்பாவுக்குக் கோபம் வரும்.

"நம்ம பாப்பா போட்ட லிஸ்ட்டுடா அது" என்பார். "அதுல தப்பு வராது."